ஆட்டத்தின் நடுவே அணைந்துபோகும் லாப்டாப்

"ஆட்டம் சூடு பிடித்துவிட்டது" என்று சொல்வது நம் வழக்கம். லாப்டாப்பில் விளையாடும் இளைஞர்களைப் பொறுத்தவரை அது வெறும் பேச்சு வழக்கு அல்ல. எழுத்துக்கு எழுத்து உண்மை. எதிரியின் கோட்டை விழப்போகிறது. இன்னும் ஒரே நிமிஷந்தான். அந்தச் சமயம் பார்த்து 'டப்'பென்று திரை இருண்டுவிடுகிறது! எச்சரிக்கை இல்லை, அறிவிப்பு இல்லை. அதுவரை ஓவென்று இரைந்துகொண்டிருந்த விசிறியும் அடங்கிவிடுகிறது. விசைகளுக்கு மேலே கையை வைத்தால் தோசைக்கல் மாதிரி சுடுகிறது.

"நன்றாக வேண்டும், இனியாவது புத்தகத்தை எடுப்பான்" என்று அப்பா மனசுக்குள் சந்தோஷப்படலாம். அவசரப்பட வேண்டாம். பையன் காலேஜ் பாடம் படிப்பது அதே யந்திரத்தில்தான். புராஜெக்ட் எழுதுவதும், நாளைக்கு வேலைக்காக நேர்முகப் பேட்டிக்கு உட்காருவதும் அதன் முன்னால்தான். விளையாட்டுக்கென்று விற்கப்படும் லாப்டாப்பின் விலை முக்கால் லட்சம், ஒரு லட்சம், அதற்கு மேலும் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அது மாதத் தவணையில் வாங்கியதாக இருக்கும். யந்திரம் அணைந்துபோகும், தவணை அணையாது.

அதனால்தான் இந்த நோய் என்ன, எதனால் வருகிறது, எதைத் தானே செய்யலாம், எதற்குக் கடைக்குப் போகவேண்டும் என்று கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்வது நல்லது. தெரியாவிட்டால் நஷ்டம் சில நூறு ரூபாயில் நிற்காது.

உஷ்ணம் எங்கிருந்து வருகிறது?

கம்ப்யூட்டர் ஒரு விசித்திரமான யந்திரம். கிரைண்டர் மாவு அரைக்கிறது, பம்பு தண்ணீரை மேலே ஏற்றுகிறது. கம்ப்யூட்டரோ கணக்குப் போடுகிறது. கணக்குக்கு எடை கிடையாது. ஆகவே, உள்ளே போகும் மின்சாரம் முழுவதும், அநேகமாக ஒரு துளி மிச்சமில்லாமல், கடைசியில் உஷ்ணமாகத்தான் வெளியே வந்தாக வேண்டும்.

கடிதம் எழுதும்போதும் சினிமா பார்க்கும்போதும் லாப்டாப் மிகக் கொஞ்சம் மின்சாரந்தான் சாப்பிடும். விளையாட்டு என்று வந்துவிட்டால் கதை வேறு. திரையில் தெரியும் மரம், மழை, புகை, நிழல் அத்தனையையும் வினாடிக்கு 60 தடவை, சில சமயம் 144 தடவை, புதிதாக வரைந்தாக வேண்டும். பிராசசர் என்னும் மூளையும், படம் வரையும் கிராபிக்ஸ் சிப்பும் ஒரே நேரத்தில் முழு மூச்சாக உழைக்கும். இரண்டுமாகச் சேர்ந்து 150 வாட், சில பெரிய யந்திரங்களில் 200 வாட்டுக்கு மேலும் எரியும். பழைய காலத்து 60 வாட் குண்டு பல்பு மூன்றை ஒரு நோட்டுப் புத்தகத்தின் கனமே உள்ள பெட்டிக்குள் வைத்து மூடி எரியவிடுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இதில் இன்னொரு கஷ்டம்: அந்த உஷ்ணம் பெட்டி முழுவதும் பரவி எழுவதில்லை, கட்டைவிரல் நகம் அளவுள்ள இரண்டு சில்லுகளிலிருந்து எழுகிறது.

இது இன்று நேற்று முளைத்த தலைவலி அல்ல. 1946-ல் அமெரிக்காவில் பென்சில்வேனியா சர்வகலாசாலையில் அரங்கேறிய 'எனியாக்' கம்ப்யூட்டரில் சுமார் 18,000 வால்வுகள் இருந்தன. அது 150 கிலோவாட் மின்சாரம் தின்றது. 1985-ல் வந்த 'கிரே-2' என்ற பெரிய கம்ப்யூட்டரை மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள்ளேயே முக்கி வைத்துக் குளிர்வித்தார்கள். 2004-ல் இன்டெல் கம்பெனி 'தேஜஸ்' என்ற பெயரில் உருவாக்கி வந்த ஒரு பிராசசரைப் பாதியிலேயே கைவிட்டது. அது இழுத்த மின்சாரமும் கக்கிய உஷ்ணமும் முக்கியக் காரணம். ஒரே மூளையை மேலும் மேலும் வேகமாக ஓட்டுவதை விட்டுவிட்டு, ஒரு சில்லுக்குள் இரண்டு, நான்கு, எட்டு மூளைகளை வைக்கும் வழிக்குத் தொழில் திரும்பியது அந்தக் காலத்தில்தான். உலகப் பெரிய கம்பெனியையே வழி மாற்றிய உஷ்ணம், நம் வீட்டுப் பையனின் மேஜையை மட்டும் விட்டுவைக்குமா?

திரி போட்ட குழாய்

லாப்டாப்பின் அடித்தகட்டைக் கழற்றினால் முதலில் கண்ணில் படுவது தட்டையான செப்புக் குழாய்கள். பார்ப்பவர்கள் அது வெறும் செப்புக் கம்பி என்று நினைப்பார்கள். அதன் உள்ளே ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. குழாயிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு, சில துளி தண்ணீரை மட்டும் வைத்து அடைத்திருக்கிறார்கள். காற்றழுத்தம் இல்லாத இடத்தில் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கும் அல்லவா? சில்லின் மேல் படிந்திருக்கும் முனையில் தண்ணீர் ஆவியாகிறது. ஆவி மறு முனைக்கு ஓடுகிறது. அங்கே விசிறிக் காற்றில் குளிர்ந்து மறுபடி தண்ணீராகிறது. திரும்பி வருவது எப்படி? குத்துவிளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றுகிறதே, அதே வித்தைதான். குழாயின் உட்சுவரில் நுண்ணிய துளைகள் கொண்ட செப்புத் திரி உண்டு. அது தண்ணீரைச் சூடான முனைக்கு இழுத்துக்கொண்டு போகிறது. விளையாட்டு நடக்கும் வரை இந்த ஓட்டம் ஓயாது.

அமெரிக்காவில் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிசாலையைச் சேர்ந்த ஜார்ஜ் குரோவர் என்ற விஞ்ஞானி 1963-ல் இந்தக் குழாயைச் செய்து காட்டினார். விண்வெளிக்குப் போகும் கருவிகளுக்காகப் பிறந்த யோசனை, இன்று மேஜை மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

குழாயின் மறு முனையில் மெல்லிய தகடுகள் சீப்புப் பற்கள் போல நெருக்கமாக நிற்கும். நிமிஷத்துக்கு 4,000, 5,000 சுற்றுச் சுற்றும் சின்ன விசிறி, கீழிருந்து காற்றை இழுத்து அந்தப் பற்களின் நடுவே ஊதி, பக்கத் துவாரம் வழியாக உஷ்ணத்தை வெளியே தள்ளும். இவ்வளவுதான் ஏற்பாடு. இதில் ஏதாவது ஒரு கண்ணி அறுந்தால் சூடு உள்ளேயே தங்கிவிடும்.

தங்கினால் என்ன ஆகும்? சில்லு தன்னைத் தானே காத்துக்கொள்ளும். பெரும்பாலான லாப்டாப் பிராசசர்களுக்கு வரம்பு 95 முதல் 105 டிகிரி வரை. யந்திரத்துக்கு யந்திரம் சற்று வேறுபடும். வரம்பைத் தொட்டதும் சில்லு தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அப்போதுதான் படம் தடுமாறித் தடுமாறி வருகிறது. வேகத்தைக் குறைத்தும் சூடு அடங்கவில்லை என்றால் கடைசி ஆயுதமாக மின்சாரத்தையே துண்டித்துவிடுகிறது. ஆக, லாப்டாப் அணைவது நோய் அல்ல. உயிர் போகாமல் காக்கும் மயக்கம். மயக்கம் போட்டவனைத் தட்டி எழுப்பி மறுபடியும் ஓட்டப் பந்தயத்துக்கு அனுப்புவது போலத்தான், அணைந்த யந்திரத்தை ஐந்தாவது நிமிஷம் மீண்டும் போட்டு விளையாடுவது.

போர்டு போய்விட்டதா?

எங்கள் தெருவில் ஒரு குடும்பம். தகப்பனார் வேன் ஓட்டுகிறார். மகன் என்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். வாங்கி ஒன்றரை வருஷமே ஆன லாப்டாப், விளையாட்டில் இருபதாவது நிமிஷம் அணைய ஆரம்பித்தது. பிறகு பத்தாவது நிமிஷம். அதன் பின் காலேஜ் வேலைக்கான ஏதோ பெரிய மென்பொருளைத் திறந்தாலே அணைந்தது. ஒரு கடையில் காட்டினார்கள். "மதர்போர்டு போயிடுச்சு. மாத்தணும், இருபத்தெட்டாயிரம் ஆகும்" என்று பதில் வந்தது. வீட்டில் இரண்டு நாள் பேச்சே இல்லை. விளையாடித்தான் கெடுத்தாய் என்று அப்பாவும், படிப்புக்குத்தான் வேண்டும் என்று மகனும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அம்மா தன் வளையலை வைக்கலாமா என்று யோசித்துவிட்டாராம்.

யாரோ சொல்லி, அண்ணா சாலையை அடுத்த ரிச்சி தெருவுக்கு யந்திரத்தை எடுத்துப் போனார்கள். அந்தக் காலத்தில் ரேடியோ சாமான்களுக்குப் பேர்போன தெரு. இன்று கம்ப்யூட்டர் சாமான்களுக்கு. ஒரு மாடிப்படியின் கீழ் உட்கார்ந்திருந்த வயதான மெக்கானிக், யந்திரத்தைப் போட்டு, பக்கத் துவாரத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு திருப்புளியை எடுத்தார். விசிறியைக் கழற்றியதும், சீப்புப் பற்களின் உட்புறத்தில் சாம்பல் நிறத்தில் கம்பளித் துண்டு போல ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தார்; முழுசாக உரிந்து வந்தது. தூசி, தலைமுடி, போர்வைப் பஞ்சு எல்லாம் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்த மெத்தை!

"ஐயா, போர்டுக்கு ஒண்ணும் ஆவலை. மூக்கு அடைச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார் அவர்.

பையன் தினமும் கட்டிலில் போர்வை மேல் யந்திரத்தை வைத்து விளையாடுகிறவன். கீழ்த் துவாரம் போர்வையில் பதிந்தால் காற்றும் வராது. வரும் கொஞ்சக் காற்றும் பஞ்சை அள்ளிக்கொண்டு வரும். இந்த மெத்தையின் கெட்ட குணம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. துவாரத்தின் பக்கமாக டார்ச் அடித்தாலும் பற்கள் பளபளவென்றுதான் தெரியும். அடைப்பு இருப்பது அதற்கு அந்தப் பக்கம், விசிறிக்கும் பற்களுக்கும் நடுவே. அதனால்தான் "வெளியே துடைத்தேனே, சுத்தமாகத்தானே இருக்கிறது" என்று பலர் ஏமாறுகிறார்கள்.

முதல் கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. திறந்து பார்க்காமல் சொன்னார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் திறந்து பார்க்காமல் போர்டைக் குற்றம் சொல்பவரிடம் பணத்தை நீட்டுவதற்கு முன் இன்னொரு கடையின் படி ஏறுவதில் தப்பில்லை.

புறங்கை பரீட்சை

அந்த மெக்கானிக் புறங்கையை வைத்துப் பார்த்தது வெறும் பழக்கமல்ல. நாமும் செய்யக்கூடிய பரீட்சை அது.

முதலில் உஷ்ணமானி வேண்டும். 'எச்.டபிள்யூ.இன்ஃபோ' போன்ற இலவச மென்பொருள்கள் பிராசசர், கிராபிக்ஸ் சிப் இரண்டின் சூட்டையும் எண்ணாகக் காட்டும். அதை ஓடவிட்டு, வழக்கமான விளையாட்டைப் பத்து நிமிஷம் விளையாடிப் பாருங்கள். எண் 95-ஐத் தாண்டி ஏறிய பிறகு அணைகிறதா? குற்றவாளி உஷ்ணமே. எண் 70, 75-லேயே நிற்கும்போது அணைந்தால் உஷ்ணத்தின் மேல் பழி போடாதீர்கள். அடாப்டர், அதன் முனை, பாட்டரி, போர்டின் மின்சாரப் பகுதி இவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள். யந்திரத்துடன் வந்த 180 வாட் அடாப்டர் கெட்டுப்போய், கைக்குக் கிடைத்த 90 வாட் அடாப்டரைச் சொருகியிருந்தால் பாரமான விளையாட்டில் அது தாங்காது. இந்தக் கூத்தும் நடக்கிறது.

விண்டோஸின் நிகழ்ச்சிப் பதிவில் 'கெர்னல்-பவர் 41' என்று ஒரு வரி விழுந்திருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஓடுகிறவர்கள் உண்டு. முறையாக மூடாமல் யந்திரம் திடீரென்று அணைந்தது என்பதற்கு மேல் அந்த வரிக்கு அர்த்தமில்லை. காரணத்தை அது சொல்வதில்லை.

சரி, சூடுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. இப்போது புறங்கையைத் துவாரத்துக்கு நேரே நீட்டுங்கள். விசிறிச் சத்தமே இல்லை, காற்றும் இல்லை என்றால் விசிறி போய்விட்டது, மாற்ற வேண்டியதுதான். சத்தம் பலமாக இருந்தும் சுடச்சுடக் காற்று சன்னமாக வருகிறது என்றால் பற்களில் தூசி மெத்தை. மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் பலருக்கும் பிடிபடாதது. காற்று தாராளமாக வருகிறது, அதிகம் சுடவும் இல்லை; ஆனால் உஷ்ணமானியோ 98 காட்டுகிறது! அப்படியானால் சில்லின் சூடு பற்கள் வரை வந்து சேரவே இல்லை என்று அர்த்தம். சில்லுக்கும் செப்புக்கும் நடுவே இருக்கும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது திருகு தளர்ந்திருக்கும்; அபூர்வமாக, குழாயே பழுதாகியிருக்கும்.

தெர்மல் பேஸ்ட் என்பது என்ன? சில்லும் செப்பும் கண்ணாடி போல வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணிய மேடு பள்ளங்கள் உண்டு. பள்ளத்தில் நிற்கும் காற்று சூட்டைக் கடத்தாது. செப்பு கடத்துவதில் பதினாயிரத்தில் ஒரு பங்குகூடக் கடத்தாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் களிம்பு. சூடேறிச் சூடேறி ஆறும்போது சில வருஷங்களில் அது விளிம்புக்குப் பிதுங்கி நடுவில் வறண்டுவிடுகிறது.

திருப்புளியை எடுக்குமுன்

உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் திருப்புளியைத் தொடாதீர்கள். கம்பெனியின் சர்வீஸ் நிலையத்துக்கே எடுத்துப் போங்கள். முடிந்துவிட்டது, கையும் நடுங்காது என்றால், விசிறியைச் சுத்தம் செய்வது வீட்டிலேயே நடக்கக்கூடிய காரியம்.

யந்திரத்தை அணைத்து, அடாப்டரைப் பிடுங்கி, சூடு ஆறிய பிறகு தொடங்க வேண்டும். அடித்தகட்டுத் திருகுகள் எல்லாம் ஒரே நீளம் என்று நினைத்துவிட வேண்டாம். நீளத் திருகைக் குட்டைக் குழியில் முடுக்கினால் போர்டில் துளை விழும். ஒரு காகிதத்தில் படம் போட்டு, எந்தத் திருகு எந்த மூலையோ அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். தகட்டை உலோகத்தால் நெம்பாமல் பழைய பிளாஸ்டிக் கார்டால் நெம்புங்கள். திறந்தவுடன் முதல் வேலை, பாட்டரியின் இணைப்பைக் கழற்றுவது. அதைச் செய்யாமல் போர்டில் விரலோ திருப்புளியோ படக் கூடாது.

மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தளர்த்தி, மெத்தையை இடுக்கியால் எடுத்துவிடலாம். காற்று ஊதும்போது விசிறி இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அது அளவுக்கு மீறிச் சுழன்று பேரிங் கெடும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். வீடு பெருக்கும் வாக்குவம் கிளீனரும் வேண்டாம். அதன் முனையில் நிலை மின்சாரம் தேங்கும்.

பேஸ்ட் மாற்றுவது அடுத்த படி. இதற்குப் பழக்கம் இல்லாதவர்கள் மெக்கானிக்கிடம் விடுவதே மேல். செப்புத் தகட்டின் திருகுகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று எண் போட்டிருக்கும். அந்த வரிசைப்படியே கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரு பக்கமாக முடுக்கினால் மேலுறை இல்லாத சில்லின் ஓரம் உடையும். உடைந்தால் அப்போது நிஜமாகவே போர்டு போய்விட்டது! பழைய களிம்பை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ஒரு பட்டாணி அளவுக்கு மேல் போகாமல் புதியதை மெல்லியதாகப் பூசினால் போதும். கிராபிக்ஸ் நினைவுச் சில்லுகளின் மேல் ரப்பர் மாதிரி பட்டைகள் இருக்கும். அவற்றை எறிந்துவிட்டு அங்கேயும் களிம்பைத் தடவுகிறவர்கள் உண்டு. அது தவறு, அங்கே இடைவெளி பெரிது, களிம்பு எட்டாது. காலியம் கலந்த திரவ உலோகம் என்று ஒன்று கடைகளில் விற்கிறது. சூட்டை அற்புதமாகக் கடத்தும். மின்சாரத்தையும் கடத்தும், அலுமினியத்தையும் அரிக்கும். வீட்டில் அந்த விஷப் பரீட்சை வேண்டவே வேண்டாம்.

திறக்காமலே ஒன்றும் செய்ய முடியாதா?

முடியும். பின் விளிம்பின் கீழ் இரண்டு மரக்கட்டை வைத்து ஓர் அங்குலம் உயர்த்துங்கள். காற்று தடையில்லாமல் போகும். விசிறி வைத்த கூலிங் பேட் சில டிகிரி குறைக்கும், அற்புதம் ஒன்றும் செய்யாது. உள்ளே மெத்தை அடைத்திருக்கும் யந்திரத்துக்கு அதை வாங்குவது காசுக்குக் கேடு.

விளையாட்டின் அமைப்பில் வினாடிக்கு இத்தனை படம் என்று வரம்பு கட்டும் வசதி உண்டு. 144-ஐ 60 ஆக்கினால் வரைய வேண்டிய படங்கள் பாதிக்கும் கீழே போய்விடும், சூடும் இறங்கும். விண்டோஸின் மின்சார அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 100-லிருந்து 99 சதவிகிதமாக்குவது இன்னொரு தந்திரம். ஒரு சதவிகிதத்தில் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். பல யந்திரங்களில் அந்த ஒன்று குறைந்தால், பிராசசர் தன் இயல்பு வேகத்துக்கு மேல் பாயும் 'டர்போ' பாய்ச்சலையே விட்டுவிடும். விளையாட்டின் வேகம் சற்றுக் குறையும், சூடு கணிசமாகக் குறையும். விளையாட்டுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் பரீட்சை நேரத்தில் யந்திரம் அணையாமல் இருப்பது முக்கியம் அல்லவா?

நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. எவ்வளவு நல்ல விசிறியும் அறைக் காற்றைவிடக் குளிராக ஊத முடியாது. அறையின் உஷ்ணம் ஒரு டிகிரி ஏறினால் சில்லும் ஏறக்குறைய ஒரு டிகிரி ஏறும். மே மாதத்துப் பகலில் மாடி அறை 38 டிகிரி, விடியற்காலையில் 28. அந்தப் பத்து டிகிரிதான் பல யந்திரங்களுக்கு ஓடுவதற்கும் அணைவதற்கும் உள்ள வித்தியாசம். டிசம்பரில் ஒழுங்காக ஓடியது மே மாதம் ஏன் அணைகிறது என்ற கேள்விக்கு இதுவே விடை.

சூட்டைத் தணிக்கிறேன் என்று லாப்டாப்பைக் குளிர்ப்பெட்டிக்குள் வைப்பது, ஐஸ் பையின் மேல் வைப்பது ஆகியவை ஆபத்து. வெளியே எடுத்ததும் காற்றின் ஈரம் உள்ளே பனித்துளியாகப் படியும். மின்சாரம் பாய்ந்ததும் ஷார்ட் ஆகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை பாட்டரி பற்றியது. ஓயாத சூட்டில் லித்தியம் பாட்டரி உப்பிக்கொள்ளும். விரல் தடவும் பட்டை மேலே எழும்பி வந்தாலோ, மேஜையில் வைத்த யந்திரம் ஒரு பக்கம் ஆடினாலோ விளையாட்டை அந்த நிமிஷமே நிறுத்துங்கள். சார்ஜ் ஏற்ற வேண்டாம், அமுக்க வேண்டாம், குத்த வேண்டாம், தீப்பிடிக்கும். நேரே கடைக்குக் கொண்டு போய் மாற்றிவிட வேண்டும். பழைய பாட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் ஒப்படைக்க வேண்டும்.

வேன் ஓட்டுநரின் மகனுடைய யந்திரம் இப்போது அதே விளையாட்டில் 84 டிகிரிக்கு மேல் போவதில்லை. ரிச்சி தெரு மெக்கானிக் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்ற 700 ரூபாய் வாங்கிக்கொண்டார். போகும்போது, "வருஷத்துக்கு ஒரு தபா, மாசி மாசமே கொண்டாந்துடு தம்பி, சித்திரை வந்தா என் கடையிலே நிக்க இடம் இருக்காது" என்று பையனிடம் சொல்லி அனுப்பினாராம். யந்திரம் கட்டிலை விட்டு மேஜைக்கு வந்துவிட்டது. போர்வை அம்மாவின் வசம்.